பழைய பணியோட்டத் துணைக்கூறை இயக்குதல்

ஓர் அலுவலகக் கோப்பு எவரிடமிருந்து எவருக்குச் செல்லவேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. ஆராய்ச்சிப் பண்ணையின் உதவியாளர் ஒருவர் எழுதும் விதைத் தேவைப் பட்டியலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அது முதலில் பண்ணைப் பொறுப்பாளரிடமும், பின்னர்க் கணக்குப் பிரிவிற்கும், குறித்த தொகையை மிஞ்சினால் தலைமை அதிகாரியிடமும் செல்லும். இம்முறையைக் கணிப்பொறிக்கு விதிகளாக அமைத்துக் கொடுத்து, கோப்பைத் தானே நகரச் செய்யும் ஏற்பாடு பணியோட்டம் எனப்படும்.

இருவகை இயக்கிகள்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஷேர்பாயிண்ட், அலுவலக ஆவணங்களைத் தொகுத்துப் பேணும் மென்பொருளாகும். இதில் பழைய பணியோட்டங்கள் இருவகைப்படும். 2010 வகையை நடத்தும் இயக்கி ஷேர்பாயிண்டின் உள்ளேயே அடங்கியுள்ளது. 2013 வகைக்கோ, ஒர்க்ஃப்ளோ மேனேஜர் என்னும் துணைக்கூறைத் தனியே நிறுவுதல் வேண்டும். நிறுவாவிடில், பணியோட்டங்களை வரையும் ஷேர்பாயிண்ட் டிசைனரில் 2010 வகை ஒன்றே தெரிவுக்குக் கிடைக்கும். 2013 வகை காணப்படாமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இயக்கும் முறை

1. துணைக்கூறை ஒரு வழங்கியிலோ மூன்று வழங்கிகளிலோ நிறுவலாம். இரண்டில் நிறுவும் அமைப்பு ஏற்கப்படுவதில்லை. தகவல்களைச் சேமிக்க எஸ்.க்யூ.எல். சர்வர் தேவை.

2. ஷேர்பாயிண்டில் பயனர் விவரச் சேவையும் செயலி மேலாண்மைச் சேவையும் இயங்குகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

3. பின்னர், ரெஜிஸ்டர்-எஸ்பிஒர்க்ஃப்ளோசர்வீஸ் என்னும் பவர்ஷெல் கட்டளையால் இரண்டையும் இணைக்கவேண்டும். மறையாக்கம் செய்த இணைப்பிற்கு 12290 என்ற வாயில் எண்ணும், மறையாக்கம் இல்லாததற்கு 12291 என்ற எண்ணும் இயல்பாக அமைந்துள்ளன.

4. இறுதியில், சிறிய பணியோட்டம் ஒன்றைச் சாதாரணப் பயனரின் பெயரில் தொடங்கிச் சோதித்தல் வேண்டும்.

நான்காம் படியில் "சாதாரணப் பயனர்" என்றதற்குக் காரணம் உண்டு. முறைமைக் கணக்கில் நுழைந்து கோப்பைச் சேர்த்தால் பணியோட்டம் தானாகத் தொடங்காது. இதனை அறியாதார் துணைக்கூறு பழுதுற்றது என்று எண்ணி, நிறுவலை முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. தொடங்கியவரின் விவரம் பயனர் விவரச் சேவையில் இல்லாதபோதும் 2013 வகை தடைப்படும். அனுமதியில்லை என்னும் பிழைச் செய்தி அப்போது தோன்றும். புதிதாகப் பணியேற்ற ஒருவரின் விண்ணப்பம் மட்டும் நின்றுபோனால், முதலில் ஆராயத்தக்கது இதுவே.

கால எல்லை

மேற்கூறிய படிகள் நிறுவனம் தன் சொந்த வழங்கியில் நடத்தும் ஷேர்பாயிண்டுக்கே பொருந்தும். இணையவழிச் சேவையின் நிலை வேறு. அதில் 2010 வகை 2020 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. 2013 வகை புதிதாகச் சேரும் நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரல் 2 முதல் இல்லை என்றும், ஏனையோருக்கு 2026 ஏப்ரல் 2 அன்று முடிவுறும் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மாற்றாக அந்நிறுவனம் பரிந்துரைப்பது பவர் ஆட்டோமேட் என்னும் சேவையாகும். ஷேர்பாயிண்ட் 2016, 2019 ஆகிய வழங்கிப் பதிப்புகளுக்கான ஆதரவிற்கு 2026 ஜூலை 14 எல்லையாகக் குறிக்கப்பட்டது.

ஆகவே, பழைய துணைக்கூறை இயக்குவதால் கிடைப்பது மாற்றத்திற்கு வேண்டிய அவகாசமே. அவ்வவகாசத்தில் செய்யவேண்டிய முதற்பணி, விதிகளை எழுதிவைத்தலாகும். எத்தொகைக்கு மேல் தலைமை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், பொறுப்பாளர் விடுப்பில் இருப்பின் கோப்பு எவரிடம் செல்லும் என்பன போன்றவை பல அலுவலகங்களில் பணியோட்டத்திற்குள் மட்டுமே பதிந்துள்ளன. அவற்றை அமைத்தவர் மாறுதலாகிச் சென்றபின், இயக்கியும் நின்றுவிட்டால், விதியைக் கூறுவார் எவரும் இரார். விதைப்புப் பருவமோ கோப்பிற்காகக் காத்திராது.

இதற்குக் கணிப்பொறி வல்லுநர் தேவையில்லை. கோப்பை அனுப்புவோரும் பெறுவோரும் ஒன்றுகூடி, ஒவ்வொரு பணியோட்டத்திற்கும் ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்தால் போதுமானது: எது தொடங்குகிறது, எவர் ஒப்புகிறார், எந்நிபந்தனையில் வழி மாறுகிறது, எங்கு முடிகிறது. அத்தாள் கையில் இருப்பின், எந்தப் புதிய கருவியிலும் அம்முறையை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம்.