ஜோய்ஸ்டிக் லேட்டாக அடிக்கிறதா? பிடியை விடுங்கள், போர்டை மாற்றுங்கள்

கொஸ்லந்தைப் பக்கத்துப் பிள்ளைகள் திருத்தக் கொண்டுவரும் ஆர்கேட் ஜோய்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் முறைப்பாடு ஒன்றுதான்: அடித்த அடி லேட்டாக விழுகிறது. அதற்கு அவர்கள் யோசித்து வைத்திருக்கும் வைத்தியமும் ஒன்றுதான்: பழைய பிடியைக் கழற்றிவிட்டு ஜப்பான் சன்வா பிடி போடுவது. சன்வா ஜேஎல்எஃப் அருமையான பிடி. ஆனால் அது இந்த நோய்க்கு மருந்து இல்லை. பிடிக்குள் இருப்பது நான்கு சுவிட்சுகள். சுவிட்ச் மூடியதும் மின்சாரம் ஓடுகிறது, அதில் காத்திருக்க ஒன்றும் கிடையாது. தாமதம் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது: டிவியிலும், பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்டிலும்.

ஆகவே காசு செலவழிக்குமுன் டிவியைப் பாருங்கள். கொன்சோலோடு வந்த சொந்த ரிமோட்டில் அதே கேமை ஆடுங்கள். அதிலும் லேட் என்றால் குற்றவாளி டிவி. செட்டிங்கில் ‘கேம் மோட்’ போடுங்கள். பழைய கொன்சோலை ஏவி வயரிலிருந்து எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி வழியாக ஓட்டுகிறீர்களென்றால் அதையும் சந்தேகப்படுங்கள். பழைய பெரிய குழாய் டிவி இன்னும் வீட்டில் இருந்தால் பிஎஸ்2க்கு அதைவிட நல்லது வேறில்லை.

ரிமோட் சரி, ஜோய்ஸ்டிக் மட்டும் லேட் என்றால் போனை எடுங்கள். ஸ்லோ மோஷனில் 240 ஃப்ரேம் எடுக்கும் கேமரா இருந்தால் போதும். விரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி வைத்து ஒரு பட்டனை அடித்துப் படம்பிடியுங்கள். பட்டன் கீழே போனதிலிருந்து திரையில் ஆள் அசையும்வரை ஃப்ரேம்களை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். ரிமோட்டுக்கும் இப்படியே எண்ணிக் கழித்தால் வரும் வித்தியாசம்தான் உங்கள் ஜோய்ஸ்டிக்கின் கூடுதல் தாமதம். ஒரு தடவை எண்ணி முடிவுக்கு வராதீர்கள், பலமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். சண்டை கேம்கள் செகண்டுக்கு 60 படம் ஓட்டுகின்றன. ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். அதில் பாதி போர்டில் போனாலே தடுக்க வேண்டிய அடி மேலே விழுந்துவிடக்கூடும்.

எப்போதும் லேட் இல்லை, சிலநேரம் மட்டும் பட்டன் பிடிக்காமல் போகிறது என்றால் அது தாமதமே அல்ல. ஈரம். நம் பக்கத்து மூடுபனியிலும் ஐப்பசி மழையிலும் மைக்ரோ சுவிட்ச் உள்ளே கறுத்துவிடுகிறது. மீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்து, சுவிட்சின் இரண்டு காலிலும் பிடித்து, மெதுவாக அழுத்துங்கள். சத்தம் ஒரே சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் சுவிட்சை மாற்றுங்கள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் ஊற்றக் கூடாது. இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் தூசியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும்.

இனி போர்டு. மலிவுப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ‘ஸீரோ டிலே’ என்று விற்கும் சீனப் போர்டுதான் இருக்கும். இவற்றில் பல 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் கொன்சோலுக்குச் செய்தி அனுப்பும். அதற்குப் பதிலாக நான் போடச் சொல்வது ராஸ்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டொலர் விலையில் வெளிவந்த சின்னப் போர்டு. அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் மில்லிசெகண்டுக்கு ஒரு முறை செய்தி போகும். ஈயம் பிடிக்கப் பழக்கமில்லாதவர்கள் ஊசிக்கால்கள் ஏற்கெனவே பொருத்திய பிக்கோ எச் வாங்குங்கள்.

மென்பொருள் ஏற்றுவது சுலபம். போர்டின் மேலுள்ள வெள்ளை ‘பூட்செல்’ பட்டனை அழுத்திப் பிடித்தபடி கணினியில் செருகுங்கள். பென் டிரைவ் போலத் திறக்கும். பதிவிறக்கிய யூஎஃப்2 கோப்பை அதற்குள் போட்டால் முடிந்தது. திறக்கவில்லை என்றால் போர்டைக் குறைசொல்லாதீர்கள், வயரை மாற்றுங்கள். போன் சார்ஜ் மட்டும் செய்யும் வயர்களில் டேட்டா போகாது. இங்கேயே பாதிப்பேர் மனம் விட்டுவிடுகிறார்கள்.

மீதிப்பேர் வயரிங்கில் நிற்கிறார்கள். மென்பொருளின் படத்தில் ‘ஜிபி2 மேலே’ என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு போர்டின் இரண்டாவது காலில் வயரைச் செருகுவார்கள். ஜிபி2 என்பது இரண்டாவது கால் அல்ல, நான்காவது கால். யூஎஸ்பி வாய் மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கத்து முதல் கால்தான் 1. அதில் ஜிபி0. அடுத்தது ஜிபி1. மூன்றாவது கிரவுண்ட். அதன்பின் 4, 5, 6, 7ஆம் கால்களில் வரிசையாக மேலே, கீழே, வலது, இடது. கவனியுங்கள், வலது முதலில், இடது பிறகு. 8ஆவது மீண்டும் கிரவுண்ட். பட்டன்கள் 9ஆவது காலில் தொடங்குகின்றன. போர்டின் அடிப்பக்கத்தில் பெயர்கள் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிட்டுத்தான் செருக வேண்டும். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

பிடியில் இன்னொரு சிக்கல். பிடியை மேலே தள்ளினால் அதன் அடித்தண்டு கீழ்ப்பக்கம் போகிறது. ஆகவே ‘மேலே’ வயர் போக வேண்டியது கீழ்ப்பக்கச் சுவிட்சுக்கு. வலதுக்கும் இடதுக்கும் அப்படியே. ஐந்து வயர் ஒரே சொக்கெட்டில் வரும் பிடியென்றால் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரால் பாருங்கள். பிடியை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எந்த இரண்டு வயர் பீப் அடிக்கிறது என்று குறியுங்கள். நான்கு பக்கமும் பார்த்தால், எல்லாவற்றிலும் பொதுவாக வரும் வயர்தான் கிரவுண்ட்.

பட்டன்களுக்கு இரண்டு கால். எது எந்தப் பக்கம் என்ற பேதமில்லை. எல்லாப் பட்டன்களின் ஒரு காலையும் ஒரே வயரில் சங்கிலியாகக் கோத்து கிரவுண்டில் கொடுங்கள். மற்றக் காலிலிருந்து தனித்தனி வயர் பிக்கோவுக்கு. சுவிட்சில் மாட்டும் கிளிப்பை வாங்குமுன் பட்டன் காலை அளந்துகொள்ளுங்கள். ஜப்பான் வகைப் பட்டனுக்கு 2.8 மில்லிமீட்டர். 4.8 வாங்கினால் தொளதொளவென்று ஆடும். யூஎஸ்பி வாய்க்கு வலப்பக்கம் மேலே இருக்கும் 40ஆவது காலில் 5 வோல்ட் இருக்கிறது. அந்தக் காலுக்கு ஒரு வயரும் போகக் கூடாது. சிப் 3.3 வோல்ட்டுக்குச் செய்தது, 5 வோல்ட் பட்டால் எரிந்துவிடும்.

எந்தக் கொன்சோல் என்பதை அமைக்க, ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கொண்டு கணினியில் செருகி, பிரவுசரில் 192.168.7.1 அடியுங்கள். பிஎஸ்3, ஸ்விட்ச், கணினி ஆகியவற்றில் தொல்லையில்லை. பிஎஸ்4இல் வெறும் பிக்கோ 8 நிமிடத்தில் துண்டிக்கப்படும். பிஎஸ்5க்கு அங்கீகாரம் பெற்ற கருவி ஒன்றும் கூடவே தேவை. அவ்வளவு தூரம் போகிறவர்கள் ப்ரூக் கம்பனியின் ஃபைட்டிங் போர்டுகளைப் பார்க்கலாம். விலை பல மடங்கு. பிஎஸ்2க்கு யூஎஸ்பி ரிமோட் ஏறாது, தனி மாற்றி வேண்டும். அந்தச் செலவை நான் செய்ய மாட்டேன்.

பெட்டி புதிதாக அடிப்பதென்றால் தச்சு பாஸிடம் எம்டிஎஃப் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஈரத்தில் ஊதிவிடும். பெயின்ட் அடித்த பிளைவுட் நிற்கும். பட்டன் துளை 30 மில்லிமீட்டர், ஸ்டார்ட் போன்ற சின்னவற்றுக்கு 24.

மூடுமுன் ஸ்லோ மோஷன் சோதனையை மறுபடி செய்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் முதலிலிருந்து மறுபடி சோதியுங்கள்.

பண்டாரவளையில் கிடைக்காத சாமானுக்குக் கொழும்பு புறக்கோட்டைக்குச் சொல்லிவிட வேண்டியிருக்கும். சொல்லும்போது பிக்கோவோடு மைக்ரோ சுவிட்ச் நான்கைந்தும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஒன்றாவது தேவைப்படும்.