காணிப் படங்களை வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்புதல்

ஊர் திரும்பியதும் வீட்டையும் கிணற்றையும் எல்லை வேலியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்திருப்பீர்கள். காணி உறுதியையும் எடுத்து வைத்திருப்பீர்கள். கனடாவிலுள்ள அண்ணனுக்கும் அக்காணியில் பங்கு இருந்தால், அவரும் அவற்றைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வழமைபோல அனுப்பினால் படம் சுருக்கப்பட்டே போகும். முகம் பார்க்க அது போதும். உறுதியிலுள்ள சிறிய எழுத்தும் முத்திரையும் மங்கிவிடும். எனவே கிளிப் அடையாளத்தை (ஐபோனில் கூட்டல் அடையாளத்தை) அழுத்தி, 'டொக்கியுமென்ட்' என்பதைத் தெரிவுசெய்து, அதனூடாக அதே படத்தை அனுப்புங்கள். எடுத்தபடியே போய்ச் சேரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம். அம்மாவின் பழைய கல்யாணப் படத்துக்கும் இதே வழிதான்.

படங்கள் நிறைய இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள்; 15 ஜிபி வரை இலவசம். பகிரும்போது அண்ணனின் மின்னஞ்சல் முகவரியை மட்டும் சேருங்கள். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்று விட்டால், அது கைமாறும் இடமெல்லாம் உங்கள் உறுதியும் அடையாள அட்டை இலக்கமும் சேர்ந்தே போகும்.

சிக்னல் குறைந்த இடமென்றால் ஒவ்வொன்றாக அனுப்புங்கள். உறுதியின் இலக்கத்தை அண்ணன் வாசித்துச் சொல்லும்வரை உங்களிடமுள்ள படத்தை அழிக்க வேண்டாம்.