அப்பாவின் சீட்டுக்குக் கீழே ஒரு டக்

போன எபிசோட்டில் பக் பிடிக்கிறது பற்றிக் கதைக்கும்போது, "கார் சத்தமும் ஒரு பக் தான்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டேன். மைக்கில் விளங்கப்படுத்த நேரம் கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கிழமைக் கடிதம் முழுக்க அதுதான். லேப்டொப் தேவையில்லை. ஒரு டோர்ச், ஒரு பழைய துவாய், உங்களுக்காகக் காரை ஓட்ட ஒரு ஆள், இவ்வளவும் போதும்.

அப்பாவின் கார் பத்து வயசு செடான். அவர் ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவில் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்கு 401 நெடுஞ்சாலையில் போய் வருகிறவர். இரவு வேலை. போன தை மாசம் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தக் காரில் ஏறினேன். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. குறைத்தேன். சிக்னலில் பிரேக் பிடித்தார், டக். பச்சை விழுந்து வெளிக்கிட்டார், டக்.

"இது எவ்வளவு நாளா அப்பா?"

"அது குளிருக்குத் தம்பி. பிளாஸ்டிக் சுருங்குது. கராஜில காட்டினனான், அவங்களும் அப்பிடித்தான் சொன்னவங்கள். ரேடியோவைக் கூட்டிவிட்டாக் கேக்காது."

எங்கட துறையிலும் இந்த வேலை நடக்கும். லொக்கில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், காரணத்தைத் தேடாமல் அந்த வரியை மட்டும் காட்டாதே என்று ஒரு ஃபில்டர் போடுவோம். நானும் செய்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு.

ஆனால் அப்பா சொன்னது முழுப் பிழையும் இல்லை. குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும், அதுவும் இரும்பை விட நிறைய. ஒரு மீட்டர் நீள உருக்குத் துண்டு, கோடையின் 30 பாகையிலிருந்து மாரியின் மைனஸ் 20க்கு வந்தால் சுமார் 0.6 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளத்தில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். டாஷ்போட்டின் பிளாஸ்டிக் உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்தில் கிளிப்புகளால் மாட்டப்பட்டிருக்கிறது. ஒன்று அதிகம் சுருங்க, மற்றது கொஞ்சம் சுருங்க, கிளிப்பில் இடைவெளி விழும். அதுதான் மாரி காலத்து கடகட. ஆனால் அப்படியான சத்தம் ஹீட்டர் போட்டு அரை மணித்தியாலத்தில் குறைய வேணும், அல்லது மாறவாவது வேணும். அப்பாவின் டக் மிசிசாகா வரைக்கும் அதே டக். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

சரி, பாடத்துக்கு வருவோம். காருக்குள் வருகிற சத்தங்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று கிறீச். இரண்டு மேற்பரப்புகள் அழுத்திக்கொண்டு உரசும்போது, முதலில் ஒட்டிப் பிடிக்கும், விசை கூடினவுடன் சட்டென்று வழுக்கும், திரும்ப ஒட்டும். ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தரம் நடந்தால் உங்கள் காதில் கிறீச். வயலின் வில்லும் நரம்பும் செய்வது இதே வேலைதான். அதைக் காசு குடுத்துப் போய்க் கேட்கிறோம், இதைக் கேட்டால் பல்லைக் கடிக்கிறோம். மற்றக் குடும்பம் கடகட. இங்கே உரசல் இல்லை, இடைவெளி. தளர்ந்த ஒரு பொருள் இன்னொன்றில் போய் முட்டுகிறது.

ஏன் பிரித்துப் பார்க்க வேணும்? மருந்து வேறு வேறு. கிறீச்சுக்கு உராய்வைக் குறைக்க வேணும், அல்லது இரண்டுக்கும் நடுவில் துணி போல ஒன்றை வைக்க வேணும். கடகடவுக்கு இறுக்க வேணும், அல்லது இடைவெளியை நிரப்ப வேணும். கடகடவுக்கு எண்ணெய் அடித்தால் எண்ணெய் பூசிய கடகடதான் மிஞ்சும்.

அடுத்தது, சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்பது. என்னைக் கேட்டால் முழு வித்தையும் இதிலேதான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு இன்புட்டை மட்டும் மாற்றுங்கள். கார் நிற்கும்போதே சத்தம் வந்து, கியரை நியூட்ரலில் வைத்து அக்சிலரேட்டரை லேசாக மிதித்தவுடன் மறைந்தால் அது எஞ்சினின் அதிர்வோடு ஒத்து ஆடுகிற ஏதோ ஒரு மூடி. நாலு சிலிண்டர் எஞ்சின் 750 சுற்றில் ஐடில் செய்யும்போது விநாடிக்கு 25 தரம் எரிபொருள் எரியும். அந்த 25 ஹேர்ட்ஸ் டாஷ்போட்டுக்குள் எதையாவது ஆட்டிவிடும். வேகத்தோடு கூடிக் குறைந்தால் சில்லுப் பக்கம் பாருங்கள். சாதாரண டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர், ஆகவே மணிக்கு 60 கிலோமீட்டரில் சில்லு விநாடிக்கு எட்டுத் தரம் சுழலும். பள்ளத்தில் மட்டும் வந்தால் தளர்ந்த பொருள். வளையும்போது மட்டும் வந்தால் பக்கவாட்டில் அசைகிற ஒன்று. பிரேக்கிலும் வெளிக்கிடும்போதும் மட்டும் வந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் அசைகிற ஒன்று. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்திருங்கள்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனவுடன் சத்தம் நின்றுவிடும், உங்களுக்கும் நடந்திருக்கும். பார்க்கப் போனால் மறைகிற பக்கை ஹைசன்பக் என்று சொல்வார்கள். ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதுக்கு மருந்து பதிவு. போனில் ஓடியோ ரெக்கோர்டர் போட்டு, எந்த வீதி, என்ன வேகம், வெளியே எத்தனை பாகை என்று வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். ஆனால் ஓட்டுகிறவர் தேடக்கூடாது. 401 டிபக் செய்கிற இடம் இல்லை. வேறொருவர் வெறும் வீதியில் மெதுவாக ஓட்ட, நீங்கள் பக்கத்திலும் பின்னாலும் மாறி மாறி இருந்து, சந்தேகமான இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தினவுடன் நின்றால் அகப்பட்டது. காதை மட்டும் நம்பாதீர்கள்: முன்கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற சத்தம் வேறு இடத்திலிருந்து வருகிற மாதிரித்தான் கேட்கும்.

அதுக்கு முதல் காரைக் காலி பண்ணுங்கள். கிளவ் பாக்ஸ், கதவுப் பை, கப் ஹோல்டர், டிக்கியில் ஜாக், எல்லாம். பாதிச் சத்தம் அதோடு போய்விடும். எங்கட வீட்டுக் காரில் டாஷ்போட்டில் ஒட்டியிருக்கிற பிள்ளையாரும் சந்தேகப் பட்டியலில் இருந்தார். கழற்ற அம்மா விடவில்லை. நான் விரலால் பிடித்துக்கொண்டு ஒரு ரவுண்ட் வந்தேன். அவர் குற்றமற்றவர்.

வழக்கமாக அகப்படுகிறவர்கள் ஆர் என்றால், ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் நாக்கு தூணில் முட்டுவது, ஹெட்ரெஸ்ட்டின் இரண்டு கம்பிகள், மேலே கண்ணாடி வைக்கிற சின்னப் பெட்டி, லெதர் சீட் என்றால் நடுக் கொன்சோலோடு அதன் பக்கம் உரசுவது. இவையெல்லாம் பத்து நிமிச வேலை. ஃபெல்ட் துணி டேப் ஒரு சுருள் வாங்கி வைத்தால் வருசக் கணக்குக்கு வரும். கார் வயர்களைச் சுற்றுகிற ஃபிளீஸ் டேப்பும் அதே வேலை செய்யும்.

பின் சீட்டின் சாய்மனை கொஞ்சம் கவனம். அது பூட்டிக்கொள்கிற யு வடிவக் கம்பியில் டேப் சுற்றினால் கடகட நிற்கும், உண்மைதான். ஆனால் தடிப்பாகச் சுற்றினால் பூட்டு முழுக்க விழாது, பூட்டின மாதிரி மட்டும் தெரியும். ஒரு சுற்று, பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள். பூட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் தெரிந்தால் டேப்பைக் கழற்றுங்கள்.

கதவு ரப்பர் கிறீச்சிட்டால் கீபோட் பைத்தியங்களுக்கு நல்ல செய்தி. மெக்கானிக்கல் கீபோட் சுவிட்சுக்குப் பூச நீங்கள் வாங்கி வைத்திருக்கிற கிரைடாக்ஸ் கிறீஸ் இருக்குதே, அந்தக் குடும்பத்து கிறீஸ் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. மெல்லிசாகத் துடைத்துவிட்டால் போதும். விலைதான் கண்ணைக் கட்டும். சிலிக்கோன் கிறீஸ் மலிவு, அதுவும் நல்லது. பெட்ரோலியம் கலந்த எதையும் கதவு ரப்பருக்குப் போடாதீர்கள், ஊதிப்போகும். டபிள்யூடி-40 எங்கட அப்பாமாருக்கு சித்தாலேப மாதிரி, எல்லாத்துக்கும் அதுதான். அதன் பேரே தண்ணீரை விலக்குகிற நாற்பதாவது முயற்சி என்பதுதான். 1953இல் சான் டியேகோவில் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்த கலவை. இறுகின திருகாணியைக் கழற்ற அருமையான சாமான். சீட் தண்டவாளத்தில் அடித்தால் இருக்கிற கிறீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், அடுத்த மாசம் கிறீச் திரும்பி வரும். அங்கே பழைய கிறீஸைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளை லிதியம் கிறீஸ் பூசுங்கள்.

இப்ப அப்பாவின் டக்.

காரைக் காலி பண்ணியும் வந்தது. குளிரிலும் வந்தது, சூட்டிலும் வந்தது. பள்ளத்தில் வரவில்லை. பிரேக்கில் ஒன்று, வெளிக்கிடும்போது ஒன்று. அப்படியென்றால் பாரமான ஏதோ ஒன்று முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது. காருக்குள்ளே பாரமானது என்ன? அப்பா. அப்பாவும் அவர் இருக்கிற சீட்டும்.

வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தி அவரை இறக்கிவிட்டு, சாய்மனையின் மேல் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். சாய்மனை மட்டும் கொஞ்சம் அசைந்தால் அது பழைய காருக்குச் சாதாரணம். இங்கே தண்டவாளமே தரையை விட்டு எழும்பி இருந்தது. டக். சீட்டை முன்னுக்குத் தள்ளி டோர்ச் அடித்தேன். முன் சீட் தரையோடு நாலு போல்ட்டில் நிற்கும். பின்னால் இருக்கிற இரண்டில் ஒன்று என் விரலுக்கே சுழன்றது. மற்றது அதை விடக் கொஞ்சம் பரவாயில்லை.

பிறகுதான் கதை வெளியே வந்தது. ஐப்பசியில் ஒரு பிறந்தநாளுக்குக் கொண்டுபோன மீன்குழம்பு சீட்டுக்குக் கீழே கொட்டுப்பட்டு, உள்ளே கழுவுகிற ஒரு இடத்தில் சீட்டைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டினவர் போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, கடைசியாக இறுக்க மறந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். மூன்று மாசம். இரவில், பனியில், டிரக்குகளுக்கு நடுவில்.

பெரும்பாலான கார்களில் முன் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட்டின் சட்டத்தோடுதான் பொருத்தியிருக்கும். அதாவது மோதும்போது உங்களைப் பிடிக்கிற பெல்ட்டின் ஒரு முனையைப் பிடித்திருப்பது அந்த நாலு போல்ட்டுகள். அதை நான் அப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டா: "இஞ்சருங்கோ, இதை ஏன் பிள்ளையிட்ட முதலே சொல்லேல்லை?"

"ஒரு சத்தத்துக்கு அவனைக் கூப்பிடுறதே? அவனுக்கு அங்க வேலை கிடக்கு."

அன்றிரவு என்ர காரைக் கொடுத்து அனுப்பினேன். கைக்கு இறுக்கி விட்டு, திங்கள் காலமை வேறொரு மெக்கானிக்கிடம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். அவர் இரண்டு போல்ட்டையும் புதுசாக மாற்றி, சேவைக் கையேட்டில் இருக்கிற அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்கினார். நானே செய்திருக்கலாம்தான். ஆனால் மூன்று மாசம் தளர்ந்து ஆடின புரி கெட்டிருக்குதா என்று பார்க்க எனக்குத் தெரியாது.

நீங்களும் சீட்டுக்குக் கீழே டோர்ச் அடித்தால் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரியும். அது எயார்பாக்குக்குப் போவது. பார்க்கலாம், தொடக்கூடாது. அதைக் கழற்றித்தான் ஆகவேணும் என்றால் அது பற்றறி கழற்றிக் காத்திருந்து செய்கிற மெக்கானிக்கின் வேலை. முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் மூடி கடகடத்தால் அதுக்குள் ஸ்பொஞ்ச் அடைகிற வீடியோக்கள் நிறைய இருக்கு. எயார்பாக் என்று எழுதியிருக்கிற எந்த மூடிக்குப் பின்னாலும் ஒன்றும் அடையாதீர்கள். பெல்ட் துணியில் எந்தக் கிறீஸும் வேண்டாம். நீங்கள் அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி, ரேடியோவை நிறுத்தி, அம்மா அப்பாவின் காரில் ஒருக்கா பக்கத்தில் இருந்து போய்ப் பாருங்கள். இரண்டு பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் அப்பா எடுத்தார். "தம்பி, இப்ப ரேடியோ போடுறேல்லை. அதால வேற ஒண்டு கேக்குது." போனைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு 25 சதக் குற்றி. எடுத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தாராம். இப்ப அதுவும் ஆடுதாம்.