பதின்மூன்றெழுத்து மொழி

பசிபிக் மாகடலின் நடுவே எழுந்து நிற்கும் எரிமலைத் தீவுக் கூட்டம் ஹவாய் ஆகும். அத்தீவுகளின் பழங்குடி மக்களது தாய்மொழி ஹவாய் மொழி. நெடுங்காலம் அது வாய்மொழியாகவே வழங்கி வந்தது. 1820-ஆம் ஆண்டு அங்குச் சென்ற கிறித்தவ சமயத் தொண்டர்கள், உரோமன் எழுத்துக்களைக் கொண்டு அதற்கு வரிவடிவம் அமைத்தனர்.

அம்மொழியில் உயிர்கள் ஐந்து, மெய்கள் எட்டு. அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர்கள் தமிழில் உள்ளவாறே குறிலாகவும் நெடிலாகவும் ஒலிக்கும். நெடிலின்மேல் சிறு கோடு இடுவர். இரு மெய்கள் அடுத்தடுத்து நில்லா. ஒவ்வோர் அசையும் உயிரிலேயே முடியும். ககரம் சொல்லின் இடையில் வரினும், 'பகல்' என்பதிற்போல மெலியாது, 'பக்கம்' என்பதிற்போல வல்லென்றே ஒலிக்கும்.

எட்டாவது மெய்யின் பெயர் 'ஒகின' என்பது. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பதால் அவ்வொலி பிறக்கிறது. தலைகீழான காற்புள்ளி போன்ற குறியால் அதனை எழுதுவர். குறி சிறிதாயினும் அதன் பயன் பெரிது. 'மொஅ' என்று தடையின்றி ஒலித்தால் கோழி என்பது பொருள். அவ்விரு உயிர்களுக்கும் இடையே தொண்டையை அடைத்து ஒலித்தால் 'வெந்தது' என்பது பொருள்.

'அலொஹ' என்னும் சொல் அன்பையும், வரவேற்பையும், விடைபெறுதலையும் ஒருங்கே குறிக்கும். நன்றி கூறுவோர் 'மஹலொ' என்பர். 'வை' என்பது நன்னீர். 'கை' என்பது கடல். 'மௌன' என்பது மலை. வழி கேட்போர்க்குத் தீவினர் 'மௌக', 'மகை' என்று விடை கூறுவர். முன்னது மலைப்பக்கம், பின்னது கடற்பக்கம். மலையும் கடலுமே அவர்தம் திசைகள்!

இத்தகைய மொழிக்கும் இடர் நேர்ந்தது. 1893-இல் அந்நாட்டு அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் இயற்றப்பட்ட சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கிற்று. பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர். தலைமுறைகள் கடந்தன, நீஹவு என்னும் சிறு தீவினைத் தவிரப் பிற இடங்களில் அம்மொழி பேசும் குழந்தைகளைக் காண்டல் அரிதாயிற்று.

எனினும் மக்கள் சோர்ந்துவிடவில்லை. 1978-இல் ஹவாய் மொழி, ஆங்கிலத்தோடு ஒப்ப ஆட்சிமொழியாயிற்று. 1984-இல் 'குரல்களின் கூடு' என்று பொருள்படும் பெயருடன் மழலையர் பள்ளி ஒன்று தோன்றியது. அங்கு முதியோர் நாவிலிருந்த சொற்கள் மழலையர் நாவில் குடியேறின. 1987 முதல் அரசுப் பள்ளிகள் சிலவும் அம்மொழியிலேயே பாடம் கற்பிக்கத் தொடங்கின. சிறார் நாவில் வழங்கும் வரையில் ஒரு மொழிக்கு அழிவில்லை.