கோடைக் கடலும் பவளப்பாறை மீன்களும்: சின்ன காஞ்சிபுரத்தாருக்குச் சித்திரை முதல் ஆடி வரையிலான ஆலோசனை

சித்திரை பிறக்கப்போகும் இவ்வேளையில், வரதராஜப் பெருமாள் சந்நிதியைச் சுற்றியுள்ள வீதிகளில் வாழும் நம்மவர் சந்தையில் கேட்டு வாங்கும் மீனும், இராமேசுவர யாத்திரையில் விலை கொடுத்து வாங்கும் பொருளும், தொலைவிலுள்ள மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளின் வாழ்வையும் தாழ்வையும் பாதிக்க வல்லவை ஆதலின், ஆடி முடிய அனுசரிக்கத்தக்க சில நியமங்களை இங்கே எடுத்துரைக்கிறோம்.

கடலின் நிலை

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிரதேசத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீரின் உஷ்ணம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் நீடிக்குமாயின், பவள உயிரிகள் தமக்கு ஆகாரமும் நிறமும் அளித்துவந்த நுண்பாசிகளை உடலிலிருந்து வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. பசிபிக் சமுத்திரத்தின் பூமத்திய ரேகைப் பகுதி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெப்பமடையும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியின் விளைவு இந்தியப் பெருங்கடலையும் எட்டும்போது இத்துன்பம் மிகுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தது இதுவே.

பவளம் மடிந்தால் அதனையே கொறித்துண்ணும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் அருகுகின்றன. அதன் கிளைகளிடையே ஒளிந்து வளரும் குஞ்சுகள் புகலிடம் இழக்கின்றன. மடிந்த பாறைமீது பாசி படர்ந்து, புதிய பவளக் குஞ்சுகள் வேரூன்ற இடமில்லாமற் போகிறது. அப்பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைப்பவை, அலகு போன்ற பற்களையுடைய கிளிமீன், ஓரா மீன் போன்றவையே. ஜூன் மாதத்துத் தென்மேற்குக் கச்சான் காற்று நீரைக் கலக்கிக் குளிர்விக்க, எஞ்சிய பவளங்கள் சில மாதங்களில் மெல்லத் தேறுகின்றன என்றாலும், மேயும் மீன்களை நாம் விட்டுவைத்திருந்தாலன்றி அத்தேறுதல் பூரணமாகாது.

செய்ய வேண்டியவை

மீன் வாங்குவோர்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதாலும், கரையை அடுத்து வலைவீசும் நாட்டுப்படகுகளுக்கு அத்தடை இல்லாமையாலும், இக்காலத்தில் பாறை மீன்களின் மேல் தேவை அதிகரிக்கிறது. ஆகவே கிளிமீன், ஓரா, களவா ஆகியவற்றை இப்போது வாங்க வேண்டாம். களவாவில் பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கி, பெரிதாக வளர்ந்த பின்னரே ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தேர்ந்து பிடித்தால் இனவிருத்தி குன்றும். ஏரி மீன்களாகிய கட்லா, ரோகு முதலியவற்றையோ, பாறையைச் சாராது கூட்டமாகத் திரியும் மத்தி, அயிலையையோ கேட்டு வாங்குங்கள்.

யாத்திரை செல்வோர்: ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் செல்லும்போது பவளத் துண்டுகளை வாங்காதீர்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். அக்கினி தீர்த்தத்தில் நீராடியபின் உடுத்திய துணியைக் கடலில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

சாயப்பட்டறை நடத்துவோர்: வேகவதி ஆறு வறண்டிருக்கும் இம்மாதங்களில் அதில் விடப்படும் சாயக்கழிவு மணலில் தங்கி, ஐப்பசி வெள்ளத்தில் பாலாற்றோடு கலந்து, வங்கக் கடலைச் சேர்ந்து, நம் மாவட்டத்தை அடுத்த கரையோர மீன்களுக்கே தீங்காகும். கழிவைச் சுத்திகரியாது வாய்க்காலில் விடாதீர்கள். சேர்ந்துள்ள கசடை மழைக்கு முன்பே அப்புறப்படுத்துங்கள்.

ஜூன் 15-இல் விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பிச் சந்தை நிறைந்தாலும், வெளுத்த பவளம் அன்றே தேறிவிடாது என்பதை நினைந்து, பாறை மீன்களை விலக்கும் இந்நியமத்தை ஆவணி பிறக்கும்வரை தொடர்ந்து கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.