பிளேடு முறிவது ஏன்?

கேள்வி: ஸ்க்ரோல் ஸா வாங்கி வீட்டில் பழகுகிறேன். பிளேடு அடிக்கடி முறிகிறது. அறுப்பும் கோட்டை விட்டு விலகுகிறது. மெஷினில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் மெஷின் மேல் குற்றம் இருக்காது. முதலில் பிளேடின் இறுக்கத்தைப் பாருங்கள். மெஷினை நிறுத்தி, பிளேடை விரலால் சுண்டினால் தந்தி போல ‘டிங்’ என்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்வு என்று அர்த்தம். தளர்ந்த பிளேடு வளைந்து வளைந்தே முறியும். பல்முனை கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும்.

கோடு விலகுவதற்குக் காரணம் வேறு. சாதாரண பிளேடைத் தயாரிக்கும்போதே ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுவதால் நேர்கோடுகூட ஒருபுறம் இழுக்கும். பலகையை நேராகத் தள்ளாமல் சற்றே கோணமாகத் திருப்பித் தள்ளுங்கள். எவ்வளவு கோணம் என்பதைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

வளைவில் அவசரமே கூடாது. பலகையை முன்னால் அழுத்தாமல் திருப்பினால் போதும், பிளேடு தன் வேலையைச் செய்யும். பழக 6 மி.மீ. பிளைவுட் நல்லது. அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அறுத்தால் விளிம்பு கருகுவது குறையும். உள்வெட்டுக்குச் சிறு துளை போட்டு பிளேடை நுழைத்து மாட்டுவீர்களே, அதற்கு, ‘பின்’ (pin) இல்லாத பிளேடுதான் வசதி.

தூசிக்கு முகக்கவசம் கட்டாயம், அதிலும் எம்.டி.எஃப். பலகை என்றால் நிச்சயம்.