குட்டையும் நெட்டையும்: நெருக்கமான குரோஷா பின்னல்

கிராமப் பெண்மக்களுக்கேற்ற கைத்தொழில்கள் எவை என்று கேட்டால், தையல், கூடை முடைதல், பாய் நெய்தல் என்று அடுக்குவோர் பலரும் குரோஷா பின்னலை மறந்துவிடுகின்றனர். ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூற்கண்டும் இருந்தால் இத்தொழிலைத் தொடங்கிவிடலாம். தறி வேண்டுவதில்லை, மின்சாரம் வேண்டுவதில்லை, குழந்தை அழுதால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நமது ஒன்றியத்தில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிற்கு இப்பயிற்சியை ஏற்பாடு செய்தபோது, கற்பிக்க எண்ணிய நாமும் பலவற்றைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அவற்றை இங்கே பாடமாக எழுதுகிறோம்.

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் விளைந்த காலத்தில், பல குடும்பங்களுக்கு இப்பின்னலே ஆதரவாயிருந்தது. நமது அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில், கோதாவரிக் கரையை அடுத்த நரசாப்பூர் வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் வழியாக இக்கலை பரவிற்று. அங்கு உருவாகும் குரோஷா லேஸ் 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அது வலைபோல் விரியும் மெல்லிய வேலை. மேசை விரிப்புக்கு அழகு. அதே வேலைப்பாட்டில் பை பின்னினால் சில்லறைக் காசு தெருவில் கொட்டும். பைக்கும், அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கும், மணைமேல் இடும் விரிப்புக்கும் இடைவெளியற்ற நெருக்கமான பின்னலே வேண்டும். அவ்வகையில் எளிதானதும் பார்வைக்கு இனியதுமான ஒன்றை ஆங்கிலத்தில் எலுமிச்சைத் தோல் பின்னல் என்பர். எலுமிச்சம்பழத் தோலைப் போன்றே சிறுசிறு மேடுகள் துணி முழுவதும் எழுந்து நிற்கும்.

இதற்கு இரண்டே வகைக் கண்ணிகள் தெரிந்தால் போதும். முதலாவது குட்டை. கீழ்வரிசைக் கண்ணியின் தலையிலுள்ள இரு நூலிழைகளுக்கும் அடியில் ஊசியைச் செலுத்தி, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் இரு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் ஒருசேர இழுத்துவிடுக. இரண்டாவது நெட்டை. இதில் ஊசியைச் செலுத்துமுன்பே நூலை ஒருமுறை ஊசியில் சுற்றிக்கொள்ள வேண்டும். அதனால் நூலை வெளியே இழுத்ததும் மூன்று வளையங்கள் இருக்கும். நூலை மாட்டி இரண்டின் வழியாக இழுக்க. எஞ்சிய இரண்டின் வழியாக மறுபடியும் இழுக்க.

பழகுவதற்கு 21 சங்கிலிக் கண்ணிகள் இடுக. ஊசியை ஒட்டிய சங்கிலியை விட்டுவிட்டு அடுத்ததில் ஒரு குட்டை, அதற்கடுத்ததில் ஒரு நெட்டை, மீண்டும் குட்டை, மீண்டும் நெட்டை என்று இறுதிவரை செல்க. வரிசையில் 20 கண்ணிகள் இருக்கும். கடைசிக் கண்ணி நெட்டையாக இருக்கும். ஒரு சங்கிலி இட்டு, வேலையை மறுபுறம் திருப்புக. இந்தச் சங்கிலியைக் கணக்கில் சேர்க்கலாகாது. இனி வரும் எல்லா வரிசைகளுக்கும் விதி ஒன்றே: நெட்டையின் தலையில் குட்டை, குட்டையின் தலையில் நெட்டை. இருபுறமும் குட்டைகளால் நெருக்கப்பட்ட நெட்டை நிமிர்ந்து நிற்க இடமின்றி முன்னே புடைக்கிறது. அப்புடைப்புத்தான் எலுமிச்சைத் தோலின் மேடு.

இப்பின்னலில் நம்மைக் கவர்ந்தது ஒன்றுண்டு. கண்ணிகளின் தொகை இரட்டைப்படையாக இருக்கும்வரை ஒவ்வொரு வரிசையும் குட்டையில் தொடங்கி நெட்டையில் முடியும். குட்டையில் முடிந்தால் எங்கோ ஒரு கண்ணி கூடிற்று அல்லது குறைந்தது என்று அப்போதே அறியலாம். எண்ணத் தவறியவரையும் இது காட்டிக்கொடுக்கும். நமது அலுவலகப் பேரேடுகளுக்கு இந்தக் குணம் வாய்க்கவில்லை.

இனி நமது பிழையைக் கூற வேண்டும். பயிற்சிக்காக இங்கிலாந்தில் அச்சான ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து, அதிலிருந்த டபிள், டிரெபிள் என்னும் பெயர்களை அவ்வாறே தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆங்கிலேயர் டபிள் என்பதை அமெரிக்கர் சிங்கிள் என்பர். ஆங்கிலேயரின் டிரெபிளே அமெரிக்கருக்கு டபிள். பயிற்சி அளிக்க வந்த அம்மையாரோ அமெரிக்க முறையில் கற்றவர். ஆகவே குட்டையிருக்க வேண்டிய இடத்தில் நெட்டையும், நெட்டையிருக்க வேண்டிய இடத்தில் அதனினும் உயர்ந்த கண்ணியும் ஏறின. நெருக்கமாக வரவேண்டிய துணி சல்லடையாய் வந்தது. மூன்று நாள் வேலையை உருவிப் போட்டோம். நூல் திரும்பக் கிடைத்தது. பெண்களின் மூன்று நாள் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "இங்கிலீஷ் பேரெல்லாம் எதுக்குங்க? இது குட்டை, அது நெட்டை" என்றார். மேலே நாம் எழுதிய பெயர்கள் அவர் வைத்தவையே.

அடுத்து ஓரம். புதிதாகப் பின்னுவோரின் துணி, பத்து வரிசைக்குள் முறம்போல் ஒருபக்கம் குறுகிவிடும். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் சாய்ந்து மறைந்து கிடப்பதால் அதனைக் காணாமல் திரும்பிவிடுவதே காரணம். வரிசையின் முதற் கண்ணியிலும் கடைக் கண்ணியிலும் ஓர் ஊக்கைக் குத்திவைத்தால் இத்துன்பமில்லை. இரண்டு நாளில் கண் பழகிவிடும். பிறகு ஊக்கு வேண்டாம்.

நூல் பருத்தியாக இருத்தல் நன்று. பிடிதுணிக்குப் பருத்தியன்றி வேறெதுவும் கூடாது. அக்ரிலிக் நூல் சூட்டில் உருகிக் கையைச் சுடும். நூற்கண்டின் சீட்டில் 3.5 மில்லிமீட்டர் ஊசி என்றிருந்தால் இப்பின்னலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியைக் கொள்க. சிறிய ஊசியால் இறுக்கிப் பின்னினால் துணி பலகையாகிவிடும்; விரலும் மணிக்கட்டும் வலிக்கும்.

நெருக்கமான பின்னல் நூலையும் நேரத்தையும் தாராளமாக விழுங்கும். ஒரு சிறு கைப்பைக்கு 200 கிராம் நூலும் ஒன்பது மணி நேரமும் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூல் கிலோ 400 ரூபாய் என்றால் பைக்கு 80 ரூபாய் நூல். வியாபாரி 150 ரூபாய் தருகிறார் என்றால் பின்னியவருக்கு நிற்பது 70 ரூபாய், அதாவது மணிக்கு எட்டு ரூபாய்க்கும் குறைவு. 2024-25ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாயாக இருந்தது. எட்டு மணி நேரமென்று கொண்டால் மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய். அக்கணக்கில் அப்பையின் விலை 440 ரூபாய் ஆகும்.

"வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே?" என்பது வியாபாரிகள் வழக்கமாகக் கூறும் பதில். நரசாப்பூரில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982இல் வெளியிட்ட நூலும் இதனையே ஆராய்ந்தது. வெளிநாடு சென்று விற்ற சரக்கைச் செய்தவர்கள் தொழிலாளராகக் கருதப்படாமல், ஓய்வு நேரத்தில் பின்னும் குடும்பப் பெண்களாகவே கருதப்பட்டதால், அவர்கள் கூலி மிகத் தாழ்ந்தே கிடந்தது.

நமது குழுவினர் இப்போது ஒவ்வொரு பையோடும் ஒரு சீட்டு வைத்திருக்கின்றனர். அமர்ந்த நேரமும் எழுந்த நேரமும் அதில் குறிக்கப்படும். நூலின் எடையும் எழுதப்படும். விலை அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. முதல் தொகுதியாகப் பின்னிய பன்னிரண்டு பைகளில் ஐந்து அவ்விலைக்கு விற்றன. எஞ்சிய ஏழையும் மொத்தமாகப் பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். குழு கூடிப் பேசி மறுத்துவிட்டது. அவை ஒன்றிய அலுவலக முகப்பிலுள்ள கண்ணாடி அலமாரியில், சீட்டுகளுடன் வைக்கப்பட்டிருக்கின்றன.